இரண்டு பட்டியலும் சேர்ந்து நகர வேண்டும்: ஐந்து வழிகள், எது யாருக்கு?

போன மாங்காய் சீசனில், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நான் எழுதிக் கொடுத்த கணக்கு மென்பொருள் அங்கே ஓடுகிறது. திரையின் இடப்பக்கம் எடை மேடையிலிருந்து வந்த சீட்டுகள். வலப்பக்கம் தோட்டக்காரர்களுக்குப் போட்ட பில்கள். கணக்குப் பார்க்கும் அக்கா ஒரு அடி ஸ்கேலை எடுத்து மானிட்டரின் மேலேயே குறுக்காக வைத்துக்கொண்டு, இந்த வரிக்கு அந்த வரி சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கத்தை உருட்டுவார், ஸ்கேலை எடுப்பார், வலப்பக்கத்தை உருட்டுவார், மறுபடி ஸ்கேலை வைப்பார்.

"தம்பி, ரெண்டும் ஒண்ணா நகர்ந்தா போதும். எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றார்.

அன்று மாலையே செய்து கொடுத்தேன். மறுநாள் காலையில் ஸ்கேல் மறுபடியும் மானிட்டர் மேல் இருந்தது. ஏன் என்று கீழே சொல்கிறேன். அதன் பிறகு இதே விஷயத்தை இன்னும் இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவர் தர்மபுரியில் படிக்கும் மாணவர்; பட்டுக்கூடு ஏலத்தில் இன்றைய லாட்டுகளையும் போன வார விலைகளையும் பக்கத்தில் பக்கமாகக் காட்டும் ப்ராஜெக்ட், டிகேஇன்டரில் (பைத்தானில் திரைகள் அமைக்கும் கருவி). இன்னொருவர் ஓசூரில் ஒரு பட்டறைக்கு வேலை செய்பவர். ஒரு இயந்திரத்தின் உதிரிபாகப் பட்டியலில் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட வேண்டும், க்யூடியில் (அதுவும் திரைகள் அமைக்கும் கருவிதான்). இருவரும் கேட்டது ஒரே கேள்வி: "எந்த வழியில் செய்வது?" மூன்று பேருக்கும் மூன்று வெவ்வேறு பதில். அதனால்தான் இதை நீட்டி எழுதுகிறேன்.

## நிரல் எழுதும் முன் பார்க்க வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி: இடப்பக்க வரிக்கும் வலப்பக்க வரிக்கும் என்ன உறவு? ஒன்றுக்கு ஒன்றா? ஒன்றுக்குச் சில நேரம் இரண்டா? சிலவற்றுக்கு ஜோடியே இல்லையா? அல்லது வரிக்கு வரி உறவே கிடையாதா? பயனாளி "சேர்ந்து நகரணும்" என்று கேட்கும்போது மனதில் இருப்பது "ஜோடி எதிரெதிரே நிற்கணும்" என்பதுதான். நகர்வது அதற்கான வழி, அவ்வளவே. நான் முதல் நாள் தவறவிட்டது இதைத்தான்.

இரண்டாவது, இரண்டும் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றனவா? ஒன்று நேரப்படி, மற்றொன்று பெயர்ப்படி என்றால் எந்த முறையும் உதவாது. தலைப்பைச் சொடுக்கினால் வரிசை மாறும் வசதி இருந்தால், ஒரு பக்கம் மாற்றும்போது மறுபக்கமும் மாற வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, வரியின் உயரம். தமிழில் வேலை செய்பவர்கள் இதில் கட்டாயம் நின்று பார்க்க வேண்டும். எடைச் சீட்டுப் பட்டியலில் எண்கள் மட்டும்: வண்டி எண், லோடு எடை, காலி எடை, நிகர எடை. பில் பட்டியலில் தோட்டக்காரர் பெயர் தமிழில் வரும். நாம் கொடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் விண்டோஸ் தானாக வேறொரு எழுத்துருவுக்குத் தாவும். பழைய விண்டோஸில் லதா, விண்டோஸ் 8 முதல் நிர்மலா. மேலும் கீழும் இடம் தேவைப்படும் எழுத்துகள் என்பதால் வரி கொஞ்சம் உயர்ந்துவிடும். உயரத்தைத் தானாகத் தீர்மானிக்கும் பட்டியலில் எண் வரி 22 பிக்சல், தமிழ் வரி 24 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இடப்பக்கம் 200 வரி கீழே போனால் 4,400 பிக்சல். வலப்பக்கத்தையும் அதே 4,400 பிக்சல் நகர்த்தினால் அங்கே கடந்திருப்பது 183 வரி. பதினேழு வரி பிசகு. இரண்டு பட்டியலுக்கும் உயரத்தை நாமே ஒரே எண்ணாகக் குறித்துவிட வேண்டும், அதுவும் தமிழ் எழுத்துக்குப் போதுமான அளவில். எந்த வழியை எடுத்தாலும் இது பொருந்தும்.

பிறகு, கை எதில் இருக்கிறது என்பது. மவுஸ் சக்கரத்தை உருட்டுபவர், ஸ்க்ரோல் பாரை இழுப்பவர், பேஜ் டவுன் தட்டுபவர், தேடலில் எண்ணைப் போட்டு நேராகத் தாவுபவர் என்று நான்கு வகைப் பேர் இருக்கிறார்கள். சக்கரத்துக்கு மட்டும் வேலை செய்யும் தீர்வு அரைத் தீர்வுதான்.

## வழி 1: இரண்டையும் ஒரே அட்டவணை ஆக்கிவிடுவது

ஜோடி சேரும் வரிகளை டேட்டாவிலேயே சேர்த்து, நடுவில் ஒரு தடித்த கோடு போட்டு, ஒரே அட்டவணையாகக் காட்டுவது. பார்ப்பவருக்கு இரண்டு பட்டியல் மாதிரியே இருக்கும். உள்ளே ஸ்க்ரோல் ஆவது ஒன்றே ஒன்று. ஒத்திசைக்க எதுவும் இல்லாததால் பிசக எதுவும் இல்லை.

ஜோடி இல்லாத சீட்டுக்கு எதிரே வெற்று வரி நிற்கும். ஒரு சீட்டுக்கு இரண்டு பில் என்றால் இடப்பக்கம் ஒரு வெற்று வரி நிற்கும். வின்மெர்ஜ் போன்ற ஒப்பீட்டு மென்பொருள்கள் கோப்புகளுக்கு இடையில் இப்படித்தான் வெற்று வரிகளைச் செருகி எதிரெதிரே நிறுத்துகின்றன. டேட்டாபேஸ் மொழியில் இதன் அடிப்படை ஃபுல் அவுட்டர் ஜாயின், அதாவது ஜோடி இல்லாத வரிகளையும் விடாமல் இரண்டு பட்டியலைச் சேர்ப்பது; ஒரு சீட்டுக்கு இரண்டு பில் என்றால் அது சீட்டை இரண்டு முறை தரும், இரண்டாவதை நாமே வெறுமையாக்க வேண்டும். எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2022-இல் வந்த 3.39 பதிப்பில்தான் அது இந்த ஜாயினைச் சேர்த்தது. ஆலைகளில் ஓடும் பழைய கம்ப்யூட்டர்களில் பழைய பதிப்பு இருந்தால் இரண்டு லெஃப்ட் ஜாயினை (ஒரு பக்கத்து வரிகளை மட்டும் முழுதாக வைத்துச் சேர்ப்பது) எழுதி, இரண்டு விடைகளையும் ஒன்றாக்கும் யூனியன் செய்ய வேண்டியிருக்கும். இரண்டாவதில், ஏற்கெனவே ஜோடி சேர்ந்தவற்றைக் கழித்துவிட மறக்காதீர்கள்.

இந்த வெற்று வரிகளுக்கு நான் எதிர்பார்க்காத ஒரு பலன் இருந்தது. அக்காவின் வேலையே விட்டுப்போன பில்லைக் கண்டுபிடிப்பதுதான். முன்பு அவர் இரண்டு பக்கமும் படித்து, இல்லாததைத் தேட வேண்டும். இப்போது வலப்பக்கம் வெள்ளையாக ஓர் இடம் தெரிந்தால் அதுதான் விட்டுப்போனது. வெற்று வரிக்கு இளம் மஞ்சள் நிறம் கொடுத்தேன். சக்கரத்தை வேகமாக உருட்டினாலும் மஞ்சள் கண்ணில் பட்டுவிடுகிறது.

செலவு எங்கே என்றால், இரண்டு பக்கமும் தனித்தனியாக வரிசை மாற்றவோ வடிகட்டவோ முடியாது. இரண்டு பட்டியலும் வெவ்வேறு இடத்திலிருந்து வெவ்வேறு நேரத்தில் வருகின்றன என்றால், ஒவ்வொரு முறையும் ஜோடி சேர்ப்பதை மறுபடி ஓட்ட வேண்டும். அப்போது பயனாளி பார்த்துக்கொண்டிருந்த வரி கீழே தள்ளப்படாமல் காப்பாற்றவும் வேண்டும். வெற்று வரியைத் தேர்ந்தெடுத்து டெலிட் அழுத்தினால் என்ன ஆகும் என்பதும் நீங்கள் யோசித்து வைக்க வேண்டிய ஒன்று. இன்னொன்று: நடுக்கோட்டை இழுத்து அகலத்தை மாற்றுவது, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கிடைமட்ட ஸ்க்ரோல் என்பதெல்லாம் ஒரே அட்டவணையில் கஷ்டம். அது கட்டாயம் வேண்டும் என்றால், ஜோடி சேர்த்து வெற்று வரி செருகிய டேட்டாவை மறுபடி இரண்டு பட்டியலாகப் பிரித்து, அடுத்த வழியில் ஓட்டுங்கள். இரண்டும் ஒரே நீளம் என்பதால் அப்போது அடுத்த வழியின் குறைகள் வராது.

## வழி 2: வரி எண்ணுக்கு வரி எண்

இடப்பக்கம் 120-ஆவது வரி மேலே நின்றால், வலப்பக்கமும் 120-ஆவது வரி மேலே. நான் முதல் நாள் மாலை எழுதியது இதுதான். பத்து வரியில் முடிந்துவிட்டது.

மறுநாள் ஸ்கேல் திரும்பி வந்த காரணம் ஒரே ஒரு டெம்போ. சீசனில் பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும்போது, சின்னத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் காய் ஏற்றி அனுப்புவது சாதாரணம். வண்டி ஒன்று என்பதால் எடைச் சீட்டு ஒன்று. தோட்டம் இரண்டு என்பதால் பில் இரண்டு. 37-ஆவது சீட்டு அப்படி ஒன்று. அதுவரை எதிரெதிரே அழகாக நின்ற வரிகள் 38-இலிருந்து ஒன்று தள்ளிப் போய்விட்டன. மதியம் ஒரு வண்டியில் காய் பழுத்துப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சீட்டுக்குப் பில் இல்லை. அதோடு வரிகள் மறுபடி எதிரெதிரே வந்துவிட்டன! இதுதான் இன்னும் ஆபத்து. மேலேயும் கீழேயும் சரியாக இருந்து நடுவில் மட்டும் ஒரு வரி பிசகினால், அவசரத்தில் பார்ப்பவர் ஒருவர் எடையை இன்னொருவர் பில்லோடு ஒப்பிட்டு டிக் போட்டுவிடுவார். அக்கா கவனமானவர் என்பதால் ஸ்கேலை எடுத்தார்.

வரிக்கு வரி ஒன்றுக்கு ஒன்று என்று டேட்டாவே உறுதி கொடுக்கும் இடத்தில் இந்த வழி அருமையானது. ஒரே பட்டியலின் முதல் நெடுவரிசையை மட்டும் அசையாமல் நிறுத்துவது அப்படி ஒரு இடம். க்யூடியின் சொந்த உதாரணங்களிலேயே உறைந்த நெடுவரிசைக்கு ஒன்று உண்டு: ஒரே டேட்டாவைக் காட்டும் இரண்டு அட்டவணைகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்து, ஸ்க்ரோல் பார்களை இணைத்திருப்பார்கள். ஜாவாவின் திரைக் கருவியான ஸ்விங்கில், ஸ்க்ரோல் நிற்கும் இடத்தை வைத்திருக்கும் மாடல் ஒன்றையே இரண்டு ஸ்க்ரோல் பார்களுக்கும் கொடுத்துவிடலாம், ஒரே வரி நிரல். ஆனால் மொத்த நீளமும் அந்த மாடலுக்குள்தான் இருக்கிறது. இரண்டு பட்டியலும் வெவ்வேறு நீளம் என்றால் இரண்டும் அந்த ஒரே எண்ணைத் தங்கள் பக்கம் மாற்றி மாற்றி எழுதும்.

இந்த வழியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறு கடைசி வரியில் காத்திருக்கும். ஒரு பட்டியலில் மட்டும் கிடைமட்ட ஸ்க்ரோல் பார் வந்தால் அந்தப் பக்கம் தெரியும் உயரம் குறைந்துவிடும். மேலே எல்லாம் சரியாக இருக்கும், அடியில் போனதும் முக்கால் வரி பிசகும். இரண்டு பக்கமும் எப்போதும் காட்டுங்கள், அல்லது இரண்டிலும் காட்டாதீர்கள். தலைப்பு வரியின் உயரத்துக்கும் இதே விதி.

## வழி 3: விகிதப்படி

இடப்பக்கம் பாதி தூரம் போனால் வலப்பக்கமும் பாதி தூரம். நீளம் எவ்வளவு வேறுபட்டாலும் இரண்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடியும். செய்து காட்டும்போது பிரமாதமாகத் தெரியும்.

பட்டியல்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் 400 வரி, வலப்பக்கம் 300. திரையில் 20 வரி தெரிகிறது. இடப்பக்கம் ஓடக்கூடிய தூரம் 380, வலப்பக்கம் 280. பாதியில் இடப்பக்கம் 190 வரி கடந்திருக்கும், வலப்பக்கம் 140. இல்லாத 100 பில்களும் முதல் 150 சீட்டுக்குள்ளேயே விட்டுப்போனவை என்றால், 190-க்குச் சரியான ஜோடி 90-இல் இருக்கும். ஐம்பது வரி தள்ளி நிற்கிறோம். ஜோடி திரையிலேயே இல்லை. விட்டுப்போனவை பட்டியல் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் மட்டுமே விகிதம் சரியாக வரும். நிஜத்தில் அவை கொத்துக் கொத்தாகத்தான் வரும்: கரண்ட் போன ஒரு மணி நேரம், ஆள் மாறிய ஒரு இரவு ஷிஃப்ட்.

நீளமான உரையும் அதன் மொழிபெயர்ப்பும் போல, ஏறக்குறைய எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தால் போதும் என்ற இடத்தில் இது சரி.

டிகேஇன்டரில் எழுதுபவர்கள் இதில் உஷாராக இருக்க வேண்டும். அங்கே பட்டியல் தன் ஸ்க்ரோல் பாருக்குச் சொல்லும் எண்களே 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னங்கள். அதை அப்படியே வாங்கி மறுபக்கத்துக்குக் கொடுத்தால், நீங்கள் தேர்ந்தெடுக்காமலே விகித வழிக்குள் போய்விட்டீர்கள். இரண்டும் ஒரே நீளம் இருக்கும்வரை தெரியாது. லிஸ்ட்பாக்ஸின் (அங்கே பட்டியலுக்குப் பெயர்) ஒய்வியூ கட்டளைக்கு வரி எண்ணைக் கொடுத்தால் அந்த வரியை மேலே கொண்டுவந்துவிடும்; வரி எண் வழி வேண்டுமென்றால் அதைப் பயன்படுத்துங்கள்.

## வழி 4: சீட்டு எண்ணைப் பிடித்து நகர்த்துவது

இரண்டு பட்டியலும் தனித்தனியாகவே இருக்கட்டும். இரண்டுக்கும் பொதுவான ஒரு சாவி இருக்கிறது: சீட்டு எண், பாக எண், தேதி நேரம், எதுவோ ஒன்று. இடப்பக்கம் உருட்டும்போது அங்கே நிற்கும் வரியின் சாவி என்ன என்று பார்த்து, வலப்பக்கம் அதே சாவியை அதே உயரத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. மெல்ட் போன்ற ஒப்பீட்டு மென்பொருளில் பார்த்திருப்பீர்கள். வெற்று வரி செருகாமல், இரண்டு பக்கமும் பொருந்தும் பகுதிகளை நடுவில் வளைகோடுகளால் இணைத்துக் காட்டும்.

கேட்க எளிது. செய்யும்போது இரண்டு இடத்தில் கை தடுக்கும்.

ஒன்று, "அங்கே நிற்கும் வரி" என்றால் எது? திரையில் மேலே தெரிவதா, நடுவில் தெரிவதா? மேல் வரியைப் பிடித்தால், பட்டியல் அடிக்கு வந்ததும் கடைசிப் பத்தொன்பது வரிகள் ஒருபோதும் மேலே வராது. அங்கே ஜோடி பிசகும். நடு வரியைப் பிடித்தால் முதல் பத்து வரிகளும் கடைசிப் பத்து வரிகளும் மாட்டும். பிடிக்கும் புள்ளியையே நகரவிடுங்கள். ஸ்க்ரோல் உச்சியில் இருக்கும்போது புள்ளி பெட்டியின் மேல் விளிம்பில். பாதி தூரத்தில் நடுவில். அடியில் கீழ் விளிம்பில். ஓடிய தூரத்தின் விகிதத்தைப் பெட்டியின் உயரத்தால் பெருக்கினால் புள்ளி கிடைத்துவிடும். ஒரே ஒரு பெருக்கல். முதல் வரியும் கடைசி வரியும் இப்போது ஜோடியோடு நிற்கும்.

இரண்டாவது, பிடித்த சாவி மறுபக்கம் இல்லையென்றால்? 1142-க்கும் 1148-க்கும் பில் இருக்கிறது, நடுவில் 1143 முதல் 1147 வரை இல்லை என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் ஆறு வரி நகரும்போது வலப்பக்கம் ஒரே ஒரு வரிதான் நகர வேண்டும். ஜோடி கிடைக்கும்வரை அப்படியே நிறுத்திவைத்துப் பிறகு நகர்த்தலாம். ஆனால் இதையே தலைகீழாகப் பாருங்கள். வலப்பக்கம் நாற்பது வரி கூடுதலாக இருக்கும் இடத்தில் இடப்பக்கம் ஒரு வரி உருட்டியதும் வலப்பக்கம் நாற்பது வரி எகிறும். பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இடம் தவறிவிடும். அதனால் முன் ஜோடி, பின் ஜோடி இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோமோ அந்தப் பங்குக்கு மறுபக்கத்தையும் மெதுவாக நகர்த்துங்கள். பிக்சல் அளவில் நகரும் ஸ்க்ரோலாக இருந்தால்தான் இது வழுக்கிக்கொண்டு போகும். க்யூடியில் வரி வரியாகவா பிக்சல் பிக்சலாகவா என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு உண்டு, பிக்சலுக்கு மாற்றிவிடுங்கள்.

சாவி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை டேட்டா மாறும்போது ஒரு முறை கட்டிவைத்தால் போதும். ஒவ்வொரு உருட்டலிலும் பட்டியல் முழுவதையும் தேடினால், எடை மேடைக் கூண்டுக்குள் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் சக்கரம் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

இந்த வழியின் நிஜமான செலவு பராமரிப்பு. வரிசை மாற்றம், வடிகட்டல், புது வரி சேர்த்தல், எல்லாவற்றிலும் அந்த அட்டவணையைப் புதுப்பிக்க வேண்டும். பட்டியல் கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் உருவாக்கும் வகை என்றால், தெரியாத வரிகளின் உயரம் வெறும் ஊகம். அங்கே உயரத்தை நிலையாக வைக்காமல் இந்த வழியில் இறங்காதீர்கள்.

## வழி 5: பூட்டுப் பொத்தான், அல்லது சொடுக்கினால் தாவுதல்

ஒத்திசைவைப் பயனாளி கையிலேயே விடுவது. எக்செலில் இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கமாக வைக்கும்போது சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதுதான். பூட்டைத் திறந்து, கையால் சரியான வரிகளை எதிரெதிரே நிறுத்தி, மறுபடி பூட்டினால் அந்த இடைவெளியோடு இரண்டும் சேர்ந்து நகரும். நோட்பேட்++-லும் இதே வசதி உண்டு. கணக்குப் பிள்ளைகளுக்கு எக்செல் பழக்கம் என்பதால் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. எப்போதாவது ஒருமுறை ஒப்பிடும் வேலைக்கு இது தாராளம்; தினமும் நானூறு வரி பார்ப்பவருக்குப் பூட்டைத் திறந்து மூடியே விரல் வலிக்கும்.

வரிக்கு வரி உறவே இல்லாத இடத்தில் உருட்டலை விட்டுவிடுங்கள். இடப்பக்கம் ஒரு வரியைச் சொடுக்கினால் வலப்பக்கம் தொடர்புள்ள வரி தெரியும்படி வந்து, ஒரு நொடி நிறம் மாறி நிற்கட்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே சரி | மறைந்திருக்கும் செலவு | வேலை |
|---|---|---|---|
| ஒரே அட்டவணை | பொதுச் சாவி உண்டு, விட்டுப்போனதைத் தேடும் வேலை | தனித்தனி வரிசை, வடிகட்டல் போய்விடும் | நடுத்தரம், அதுவும் டேட்டா பக்கம் |
| வரி எண் | ஒன்றுக்கு ஒன்று என்ற உறுதி, உறைந்த நெடுவரிசை | ஒரு வரி கூடினாலும் அதன் கீழே எல்லாம் பிசகும் | மிகக் குறைவு |
| விகிதம் | ஏறக்குறைய இடம் தெரிந்தால் போதும் என்ற உரை | மேலும் கீழும் சரி, நடுவில் பொய் | மிகக் குறைவு |
| சாவி | நீளம் வேறு, இரண்டும் தனித்தனியாக இருந்தே ஆக வேண்டும் | அட்டவணை பராமரிப்பு, தாவல் | அதிகம் |
| பூட்டு / சொடுக்கு | எப்போதாவது ஒப்பிடுதல், உறவில்லாத பட்டியல்கள் | பயனாளியின் நேரம் | குறைவு |

## வழி 2 முதல் 5 வரை எல்லாவற்றிலும் வரும் தொல்லை

இடது நகர்ந்தால் வலதை நகர்த்து. வலது நகர்ந்தால் இடதை நகர்த்து. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். க்யூடியில் ஸ்க்ரோல் பாரின் மதிப்பு மாறாவிட்டால் சிக்னல் ("மாறிவிட்டேன்" என்ற அறிவிப்பு) வராது என்பதால் இந்தச் சுற்று தானாகவே நின்றுவிடும். "அப்போ பிரச்சினை இல்லையே" என்று தோன்றும். நீளம் வேறுபட்டால் இருக்கிறது. இடது அதிகபட்சம் 100, வலது 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 78-இல். சக்கரத்தை ஒரு சொடுக்கு உருட்டினால் இடது மூன்று நகர்ந்து 81. வலது 81-க்குப் போக முடியாது, 80-இல் நின்று "நான் 80" என்று சிக்னல் விடும். உடனே இடது 80-க்குப் பின்னால் இழுக்கப்படும். எண்ட் கீயை அழுத்தினால் இடது கடைசிக்குப் போகாமல் 80-இல் நிற்கும்.

சரி, நகர்த்தும்போது வலது ஸ்க்ரோல் பாரின் சிக்னல்களை அடைத்துவிடலாம் என்று போனால் இன்னொரு குழி. பட்டியல் தன் உள்ளடக்கத்தை நகர்த்துவதும் அதே சிக்னலைக் கேட்டுத்தான். அடைத்தால் பார் மட்டும் நகரும், வரிகள் அப்படியே நிற்கும். நாமே ஒரு கொடி (ஆம், இல்லை என்று மட்டும் குறித்துவைக்கும் மாறி) வைத்துக்கொள்வதுதான் சரி: "இப்போது நகர்த்துவது நான்" என்று கொடியை ஏற்று, நகர்த்து, இறக்கு. க்யூடியில் எல்லாம் உடனுக்குடன் நடப்பதால் இது போதும்.

எலக்ட்ரான் மாதிரி உலாவி வழியில் எழுதினால் இதே கொடி ஏமாற்றும். அங்கே ஸ்க்ரோல் நிகழ்வு கொஞ்சம் பின்னால்தான் வரும். அதற்குள் நீங்கள் கொடியை இறக்கியிருப்பீர்கள். நாம் வைத்த மதிப்பை நினைவில் வைத்துக்கொண்டு, வந்த நிகழ்வு அதே மதிப்பைச் சொன்னால் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். திரையை 125 சதவீதம் பெரிதாக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் மதிப்பு பின்னமாக வரலாம் என்பதால் ஒரு பிக்சல் முன்பின் இருந்தாலும் ஒன்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் திரைகளுக்கான வின்ஃபார்ம்ஸில் டேட்டாகிரிட்வியூ என்ற அட்டவணையை எடுத்தால் ஸ்க்ரோல் நிகழ்வும், மேலே நிற்கும் வரியின் எண்ணும் கையிலேயே கிடைக்கும். லிஸ்ட்வியூவில் ஸ்க்ரோல் நிகழ்வே கிடையாது. விண்டோஸ் அனுப்பும் செய்திகளை நாமே இடைமறித்துப் பிடிக்க வேண்டும். அந்தச் செய்தியில் இருப்பிடத்துக்கு 16 பிட் இடம்தான் என்பதால் 65,535-ஐத் தாண்டினால் எண் தப்பாக வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் டேட்டாகிரிட்வியூ பக்கமே போங்கள்.

குட்டைப் பட்டியல் முடிந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு விம் எடிட்டரின் பழக்கம் எனக்குப் பிடிக்கும். ஒரு பக்கம் முடிவுக்கு வந்து நின்றாலும் இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அது மறக்காது. நீளமான பக்கம் திரும்பி மேலே வரும்போது, குட்டையானது சரியான இடம் வரும்வரை காத்திருந்து சேர்ந்துகொள்ளும். இடைவெளியை மறந்துவிடும் மென்பொருளில் ஒருமுறை அடிவரை போய் வந்தாலே ஒத்திசைவு கெட்டுவிடும்.

## கேட்ட மூவருக்கும்

பட்டுக்கூடு ப்ராஜெக்ட் செய்யும் தம்பிக்கு: இன்றைய 12-ஆவது லாட்டுக்கும் போன வாரத்து 12-ஆவது லாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சேர்ந்து நகர்ந்தால் பார்ப்பவர் சம்பந்தம் இருப்பதாக நினைத்துக்கொள்வார். உருட்டலை இணைக்காதீர்கள். இன்றைய லாட்டைச் சொடுக்கினால் அதே ரகக் கூட்டின் போன வார விலைகள் மட்டும் வலப்பக்கம் வரட்டும்.

ஓசூர் நண்பருக்கு: பாக எண் பொதுச் சாவியாக இருக்கிறது, ஆனால் இரண்டு பதிப்பிலும் தனித்தனியாக வடிகட்ட வேண்டும் என்கிறீர்கள். வழி 4. நகரும் புள்ளியை முதல் நாளே போட்டுவிடுங்கள். பிறகு சேர்ப்பது கடினம்.

ஆலைக்கு நான் கடைசியில் வழி 1-க்கு வந்தேன். சீட்டு எண்ணை வைத்து ஜோடி சேர்த்து, ஒரே அட்டவணை, மஞ்சள் வெற்று வரி. கொடுப்பதற்கு முன் ஐந்து சோதனைகள் செய்தேன்: ஒரு சீட்டுக்கு இரண்டு பில், பில் இல்லாத சீட்டு, சீட்டு இல்லாத பில், பட்டியல் காலியாக இருப்பது, நடுவில் நிற்கும்போது புதுச் சீட்டு ஒன்று வந்து சேர்வது. ஐந்தையும் என் மடிக்கணினியில் செய்யாமல் அக்காவின் கம்ப்யூட்டரிலேயே, அவருடைய மவுஸிலேயே செய்தேன். கடைசிச் சோதனையில் அவர் பார்த்துக்கொண்டிருந்த வரி ஒரு வரி கீழே குதித்தது. அதைச் சரி செய்ய இன்னும் அரை நாள் ஆனது. இப்போது அந்த அடி ஸ்கேல் மேசை டிராயருக்குள் இருக்கிறது, பில் புத்தகத்தில் கோடு போட மட்டும் எடுக்கிறார்.